எண்ணெய் தின்னும் உயிர்கள் நம் சேற்றிலேயே இருக்கின்றன

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருகோணமலையில் 31 ஆண்டுகளாகப் படகு எஞ்சின் திருத்தி வருகிறேன். எங்கள் பகுதி மீனவர் சங்கத்தின் நிருவாகக் குழுவிலும் இருக்கிறேன். சென்ற மாதச் சங்கக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

அன்று ஒரு நிறுவனத்தின் பிரதிநிதி வந்திருந்தார். தவிட்டு நிறத்தில் ஒரு பொடியை மேசைமீது வைத்தார். எண்ணெயைத் தின்னும் நுண்ணங்கிகள் அதில் உறங்குகின்றன என்றும், ஒரு கிலோவை இறங்குதுறையில் தூவினால் ஒரே வாரத்தில் நீர் தெளிந்துவிடும் என்றும் சொன்னார். மிதக்கும் பொலித்தீனும் நாளடைவில் கரைந்துபோகும் என்று சேர்த்துக்கொண்டார். படகுக்கு இவ்வளவு என்று பணம் திரட்டி வாங்கலாம் எனப் பலர் சம்மதித்தும் விட்டார்கள். அவர்கள்மீது எனக்குக் குறையில்லை. விடிகாலையில் வலை இழுக்கும்போது கையில் கறுப்புப் பிசின் அப்பிக்கொள்கிறது. அதைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகாமல், அந்தக் கையோடு சோறு உண்ண உட்கார்ந்தவன் யார் எந்த மருந்தைத் தந்தாலும் வாங்கத்தான் நினைப்பான்.

நான் இரண்டு கேள்விகள் கேட்டேன். இந்தப் பொடியில் உள்ளவை உப்புநீரில் வாழ்பவையா, நன்னீரில் வாழ்பவையா? நம் கடலில் ஏற்கெனவே உள்ளவற்றைவிட இவை எந்த வகையில் மேல்? இரண்டுக்கும் நேரான பதில் வரவில்லை. பக்கற்றைத் திருப்பி வாசித்தேன். மலசலகூடக் குழிக்கும் இதே பொடியைப் பாவிக்கலாம் என்று அச்சிட்டிருந்தது. முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொண்டேன், தள்ளிவைத்தார்கள். அதற்குள் மூதூர், கிண்ணியா, குச்சவெளி வரை உள்ள நம் கரையோர மக்கள் காதிலும் இந்தச் செய்தி விழ வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். கடலில் ஒயில் ஊற்றியவர்களில் நானும் ஒருவன். எஞ்சின் வால் பகுதியிலிருந்து இறக்கும் கியர் ஒயில், உதிரிப்பாகம் கழுவிய மண்ணெண்ணெய், பலநாள் படகுகளின் டீசல் எஞ்சினிலிருந்து வடிக்கும் கறுத்த ஒயில் எல்லாம் சேர்ந்தால் என் பட்டறையில் மட்டும் வாரத்துக்கு 20 லீற்றர் தேறும். அதைப் பின்புற வாய்க்காலில் ஊற்றுவேன். மழை வந்தால் வாய்க்கால் கழுவிக்கொண்டு உள்துறைமுகப் பக்கம் போய்விடும். இப்படி இருபது ஆண்டுகள் செய்தேன். ஒரு வருடத்துக்கு 1,040 லீற்றர் என்றால் இருபது வருடங்களில் 20,000 லீற்றருக்கு மேல். ஒரு சிறிய பட்டறையின் கணக்கு இது.

என்னை நிறுத்த வைத்தது ஒரு மட்டிக் கறி. வாய்க்கால் கடலோடு சேரும் சேற்றில் பக்கத்து வீட்டு அம்மா மட்டி தோண்டி, வழமைபோல எங்களுக்கும் ஒரு கிண்ணம் தந்தார். என் மனைவி தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தார். வாயில் வைத்தவுடன் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. யாரும் எதுவும் பேசவில்லை. மகள் மட்டும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அடுத்த வாரமே 200 லீற்றர் பரல் ஒன்று வாங்கி வைத்தேன். பத்து வாரத்துக்கு ஒருமுறை அது நிரம்புகிறது. தொழிற்சாலை உலைக்கு எரிபொருளாகப் பழைய ஒயில் வாங்குபவர்கள் லொறியில் வந்து எடுத்துச் செல்கிறார்கள்.

மகள் அப்போது உயர்தரத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் கடலில் என்ன ஆகிறது என்று நான் கேட்டபோது, வாயால் சொல்வதைவிடச் செய்துகாட்டுகிறேன் என்றாள். நான்கு கண்ணாடிப் போத்தல்களில் ஒரே அளவு கடல்நீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி டீசல் விட்டோம். முதல் போத்தலின் நீரை மட்டும், அதிலுள்ள நுண்ணங்கிகள் சாகும்படி முன்கூட்டியே நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டிருந்தோம். மற்ற மூன்றிலும் கண்டல் வேரடியிலிருந்து எடுத்த சேறு ஒவ்வொரு கரண்டி போட்டோம். மூன்றாவதில் வயலுக்குப் போடும் யூரியா ஒரு சிட்டிகையும் அதைவிடக் குறைவாக ரி.எஸ்.பி. என்னும் பொசுபரசுப் பசளைப் பொடியும் சேர்த்தாள். முதல் மூன்றின் வாயிலும் துணி கட்டி, காலையும் மாலையும் குலுக்கினோம். நான்காவதை மூடியிட்டு இறுக்கி, அசையாமல் மூலையில் வைத்தோம்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, கொதிக்கவைத்த நீரின்மேல் எண்ணெய்ப்படலம் வானவில் நிறத்தோடு அப்படியே இருந்தது. இரண்டாவதில் படலம் மங்கி, திரிந்த பால்போலத் துணுக்குத் துணுக்காய் உடைந்திருந்தது. மூன்றாவதில் நீர் முழுவதும் வெண்மையாகக் கலங்கி, மேலே படலம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. நான்காவதைத் திறந்தபோது அழுகிய முட்டை வாடை முகத்தில் அடித்தது. டீசல் போட்டபடியே மிதந்தது. பிறகு டீசலுக்குப் பதில் எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஒயிலை வைத்து மீண்டும் செய்தோம். அது அவ்வளவு இலகுவாக மசியவில்லை. மூன்றாவது போத்தலிலும் அடியில் தார்போல ஒரு படிவு தங்கிவிட்டது. எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த சோதனைதான் இது, ஆய்வுகூடத்தில் அளந்த அளவு அல்ல. ஆனாலும் அந்தத் திண்ணையில் நான் விளங்கிக்கொண்டது, அதற்குமுன் இருபது ஆண்டுகள் கடலோரம் இருந்தும் விளங்காத ஒன்று.

கடல்நீர் ஒரு மில்லிலீற்றரில், அதாவது இருபது துளி அளவில், ஏறத்தாழ பத்து இலட்சம் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் எண்ணெயையே உணவாகக் கொள்ளும் இனங்களும் உண்டு. வட கடலில் போர்க்கும் என்ற தீவருகே எடுத்த ஒன்றுக்கு 1998இல் அல்கானிவோராக்ஸ் போர்க்குமென்சிஸ் என்று பெயரிட்டார்கள். உலகின் பல கடல்களிலும் அதன் இனம் காணப்படுகிறது. சுத்தமான நீரில் அது தேடினாலும் கிடைக்காத அளவு அரிதாக இருக்கும். எண்ணெய் பட்டதும் பெருகத் தொடங்கி, அந்த இடத்தையே நிறைத்துவிடும். சவர்க்காரம் போன்ற ஒரு பொருளைத் தானே சுரந்து, எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்துத் தின்கிறது. கப்பலும் எஞ்சினும் வருமுன் இவை எதைத் தின்று வாழ்ந்தன என்று மகளிடம் கேட்டேன். கடலடி வெடிப்புகளிலிருந்து இயற்கையாகவே எண்ணெய் கசிகிறது. கடலின் நுண்ணிய நீலப்பச்சைப் பாசிகளும் எண்ணெய் போன்ற பொருளைச் சிறு அளவில் உண்டாக்குகின்றன என்றாள். ஆகவே இந்தத் தொழிலாளிகள் மனிதனுக்கு மிக முன்பே வேலைக்கு வந்தவர்கள். அவர்களைக் கொழும்பிலிருந்து பக்கற்றில் அடைத்துக் கொண்டுவர வேண்டியதில்லை.

அப்படியானால் இறங்குதுறை ஏன் கறுத்துக் கிடக்கிறது? இந்தக் கேள்விக்குக் கணக்கில் பதில் இருக்கிறது. பற்றீரியாவும் எண்ணெயைச் செரிக்க மூச்சுவிட வேண்டும். ஒரு லீற்றர் எண்ணெயை முழுவதும் செரிக்க 3 கிலோ அளவு ஒட்சிசன் தேவை. நம் கடலின் சூட்டில் ஒரு லீற்றர் நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் 6 மில்லிகிராம் அளவுதான். வகுத்துப் பாருங்கள்: ஒரு லீற்றர் எண்ணெய்க்கு 5 இலட்சம் லீற்றர் கடல்நீரில் உள்ள ஒட்சிசன் முழுவதும் வேண்டும். நான் வாரம்தோறும் ஊற்றிய 20 லீற்றருக்கு ஒரு கோடி லீற்றர். மீனும் இறாலும் மட்டியும் மூச்சுவிடும் அதே நீரிலிருந்துதான் இதுவும் போக வேண்டும். திறந்த கடலில் அலையும் காற்றும் ஒட்சிசனை மீண்டும் கலந்துவிடும். நம் துறைமுகம் மூன்று பக்கமும் நிலம் சூழ்ந்த அமைதியான நீர். கப்பலுக்கு அது வரம். இந்த உயிர்களுக்கு மூச்சுமுட்டல். அந்த இறுக்கி மூடிய நான்காவது போத்தல் எனக்கு நினைவூட்டுவது இதைத்தான். மீன் குடலும் செதிலும் படகோரமே கொட்டப்படும்போது, அதை அழுகவைக்கும் பற்றீரியாக்களும் அதே ஒட்சிசனுக்குப் போட்டியிடுகின்றன. எண்ணெய்க்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

அந்தப் பிரதிநிதி, ஆனந்த மோகன் சக்கரவர்த்தி என்ற விஞ்ஞானி உருவாக்கிய எண்ணெய் தின்னும் பற்றீரியாவுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் காப்புரிமை வழங்கச் சொன்னது என்றார். அது உண்மை, 1980இல் நடந்தது. ஆனால் காப்புரிமை கிடைத்ததும் கடல் சுத்தமானதும் வேறு வேறு விடயங்கள். கடலில் எது பலித்தது என்று அறிய அலாஸ்காவைப் பார்க்க வேண்டும். 1989 மார்ச் 24இல் எக்சன் வால்டிஸ் கப்பல் அங்கே பாறையில் மோதி, 1 கோடியே 10 இலட்சம் கலன் அளவு மசகு எண்ணெய் கொட்டியது. கரையோரக் கற்களில் அவர்கள் தெளித்தது பசளை. எண்ணெயில் காபன் நிறைய உண்டு, நைதரசனும் பொசுபரசும் மிகக் குறைவு. அவற்றைக் கொடுத்ததும் அங்கேயே இருந்த பற்றீரியாக்கள் வேகமாக வேலை செய்தன. விற்பனைக்கு வந்த நுண்ணங்கிக் கலவைகளையும் அதே கரையில் பரீட்சித்தார்கள். உள்ளூர் உயிர்களைவிட அவை மேலாகச் செய்ததாகத் தெரியவில்லை. கற்களுக்கு அடியில், காற்றுப் புகாத இடத்தில் புதைந்த எண்ணெயோ, பல பத்தாண்டுகள் கழித்துத் தோண்டியபோதும் அப்படியே கிடந்தது.

பசளை என்றதும் யாராவது யூரியா மூட்டையைப் படகில் ஏற்றிவிடக் கூடாது. போத்தலில் பலித்தது கடலில் கேடாகும். மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடி, வழியெல்லாம் வயல்களின் பசளையைக் கழுவிக்கொண்டு கொட்டியாரக் குடாவில்தான் விழுகிறது. இன்னும் சேர்த்தால் பாசி படர்ந்து, இருக்கும் ஒட்சிசனையும் இரவில் உறிஞ்சிவிடும். புறாத்தீவின் முருகைக்கற்கள்மேல் பாசி படிந்தால் அவை மூச்சடைத்துச் சாகும்.

இங்கேதான் கண்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்பலகாமம் குடாவோரம், கிண்ணியா, உப்பாற்றுப் பக்கம் கண்டல் சேற்றில் காலை வைத்தால் அழுகிய முட்டை நாற்றம் எழும். அதனால்தான் பலர் அதை வீண்நிலம் என்று நினைத்து, மண் கொட்டி நிரப்பிக் காணியாக்குகிறார்கள். அந்த நாற்றம் ஐதரசன் சல்பைட்டு வாயு. ஒட்சிசன் இல்லாத ஆழச் சேற்றில் கடல்நீரில் உள்ள சல்பேற்று உப்பைக் கொண்டு மூச்சுவிடும் பற்றீரியாக்கள் வேலை செய்கின்றன என்பதன் அடையாளம். இன்னொரு வகை, வயலிலிருந்து வரும் நைத்திரேற்றை எடுத்து, தீங்கற்ற நைதரசன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. கண்டலின் மூச்சுவேர்கள் மேலிருந்து காற்றைக் கீழே கொண்டுபோவதால், வேரைச் சுற்றியுள்ள சேற்றில் காற்றுள்ள இடமும் காற்றில்லாத இடமும் விரல் அகலத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு வகை உயிர் விட்டதை மற்ற வகை எடுத்துக்கொள்கிறது. கோடிக்கணக்கில் பணம் கொட்டிக் கட்டும் சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டி தொட்டியாகச் செய்யும் வேலையை இந்தச் சேறு செலவில்லாமல் செய்கிறது. அதன்மேல் ஒரு லொறி கிரவல் கொட்டும்போது நாம் எதை மூடுகிறோம் என்று ஒருவராவது நினைத்துப் பார்க்கிறாரா? எனக்கு இதில் கோபமே வருகிறது. பொடி வாங்கக் காசு தேடும் நாம், இருப்பதை மண்போட்டு மூடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நுண்ணங்கிகளால் ஆகாததையும் சொல்ல வேண்டும். பழைய எஞ்சின் ஒயிலில் தேய்ந்த உலோகத் துகள் கலந்திருக்கிறது. உலோகத்தை எந்தப் பற்றீரியாவும் தின்று தீர்க்காது. அது சேற்றில் தங்கி மட்டிக்குள் ஏறும். பொலித்தீன் கரையும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். பசுபிக் கடலில் மிதக்கும் குப்பையிலிருந்து எடுத்த ஒரு பூஞ்சணம் பொலித்தீனைச் சிதைப்பதாக 2024இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஆய்வுகூடத்தில் அதன் வேகம் நாளொன்றுக்கு 0.05 வீதம் அளவுதான். அதுவும் வெயிலின் புற ஊதாக்கதிர் பட்டு நைந்த பொலித்தீனை மட்டுமே. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது 1,680 தொன் அளவு பிளாஸ்டிக் மணிகள் ஏற்றியிருந்தது. மேற்குக் கரையில் அந்த மணிகளை மனிதர்கள் சல்லடை போட்டு அரித்துத்தான் எடுத்தார்கள்.

எண்ணெயின் ஆபத்து நமக்குக் கதையல்ல. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது அங்கே தாங்கி எரிந்த புகையைப் பற்றி அப்பப்பா சொல்லுவார். வள்ளத்தின் அடியில் ஒட்டிய கீலைச் சிரட்டையால் சுரண்டியதைப் பற்றியும் சொல்லுவார். 2020 செப்ரெம்பர் 3இல் நியூ டயமண்ட் கப்பல் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பிடித்தபோது அதில் 2,70,000 தொன் அளவு மசகு எண்ணெய் இருந்தது. அந்த நாட்களில் கிழக்குக் கரையில் எந்த மீனவனும் நிம்மதியாகத் தூங்கியிருக்கமாட்டான். நல்லகாலம், அந்த மசகு எண்ணெய் கடலில் கொட்டவில்லை. 2022 ஜனவரியில் சீனக்குடாத் தாங்கிகளைப் புதுப்பிக்க உடன்படிக்கைகள் கைச்சாத்தாகின. தாங்கிகள் நிரம்பும்போது கப்பல்களும் கூடும். கசிவு ஏற்பட்டால் முதல் மணித்தியாலத்தில் யார் வருவார்கள், மிதவைத் தடுப்பு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, எந்தக் கண்டல் கரையை முதலில் மறிப்பது என்பதை மீனவர் சங்கங்களுக்கு இப்போதே சொல்லித்தர வேண்டும். காற்றில்லாத ஆழச் சேற்றுக்குள் எண்ணெய் இறங்கிவிட்டால் பின்னர் காற்றோடு வேலை செய்யும் உயிர்களால் அதை எளிதில் எட்ட முடியாது.

சங்கத்திடமும் அதிகாரிகளிடமும் நான் கேட்பது பெரிய தொகை அல்ல. பொடிக்குச் சேர்க்க நினைத்த அதே பணத்தில் ஒவ்வொரு இறங்குதுறையிலும் மூடியுள்ள இரண்டு பரல்கள் வைக்கலாம். பழைய ஒயிலை வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். யாரும் வாங்காதது, படகின் அடிக்கிடங்கில் தேங்கும் எண்ணெய் கலந்த நீரும் ஒயில் ஊறிய மண்ணும் மரத்தூளும்தான். எண்ணெயை மேலே பிரியவிட்டு எடுத்த பிறகு, எஞ்சிய எண்ணெய் மண்ணை அடியில் சீமெந்து போட்டுக் கசியாமல் கட்டிய பாத்தியில் பரப்பி, கரைச் சேறும் அளவாகப் பசளையும் சேர்த்து, ஈரம் காயாமல் வாரம் ஒருமுறை மண்வெட்டியால் கிளறிவிட்டால், நுண்ணங்கிகள் காற்றோடு வேலை செய்யும். பல நாடுகளில் எண்ணெய் படிந்த மண்ணை இப்படித்தான் பதப்படுத்துகிறார்கள். கடலில் எதையும் தூவாமல், நம் கண்ணுக்கு முன்னே, அளந்து பார்க்கக்கூடிய இடத்தில் இது நடக்கும். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்குள்ள ஆசிரியர்களும் மாணவர்களும், நீர்வள ஆய்வு செய்யும் அரச நிறுவனமான நாராவின் ஆய்வாளர்களும் ஒரு பாத்தியை அமைத்து ஒரு வருடம் அளந்து காட்டினால், எங்கள் சங்கம் இடம் தரத் தயாராக இருக்கிறது. குழுவில் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உலோகம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் அவர்கள்தான் அளந்து சொல்ல வேண்டும். எந்த நிறுவனத்தின் பொடியானாலும் 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபையிடம் கேட்காமல் நம் நீரில் ஒரு கரண்டிகூட விழக் கூடாது.

அடுத்த கூட்டம் வரும் போயா தினத்தன்று நடக்கிறது. மகளுடைய நான்கு போத்தல்களையும் புதிதாகத் தயாரித்து வைத்திருக்கிறேன். ஐந்தாவது போத்தலில் கொதிக்கவைத்து ஆறிய கடல்நீரில் டீசலோடு அந்தப் பொடியையும் போட்டிருக்கிறேன். பிரதிநிதி விட்டுச்சென்ற மாதிரிப் பக்கற்றிலிருந்து எடுத்ததுதான். ஐந்தையும் மேசைமீது வைப்பேன், உறுப்பினர்கள் பார்த்துத் தீர்மானிக்கட்டும். என் பட்டறையில் இப்போது இரண்டு பரல்கள் இருக்கின்றன. எந்த ஊர்ப் படகானாலும் பழைய ஒயிலைக் கொண்டுவந்து ஊற்றலாம், காசு வாங்குவதில்லை. கானுக்கு மூடி இருந்தால் போதும்.

இப்படிக்கு,
படகு எஞ்சின் திருத்துநர் ஒருவர்,
திருகோணமலை.